மெற்றில்டா திரும்பிப் பார்க்கவில்லை

மெற்றில்டாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது கரப்பந்தில் அவள் போடும் சேர்வ்தான். இதை யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். கணக்கில் எடுத்த பெறுபேற்றையும் டைப்பிங் சான்றிதழையும் எடுத்துக் காட்டுவாள். ஆனாலும் உண்மை உண்மைதானே. மட்டக்குளியில் இருந்த அந்தச் சவர்க்காரக் கம்பனியில் நேர்முகத்துக்குப் போனபோது, நலன்புரி அதிகாரி அமரக்கோன் அவளுடைய ஃபைலைத் திறக்கவே இல்லை. "கொன்வென்ற் ரீமில் சேர்வ் போட்ட பிள்ளை நீதானே?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றாள். திங்கட்கிழமை வரச்சொன்னார்.

கம்பனிகளுக்கு இடையில் கரப்பந்துப் போட்டி நடக்கும் காலம் அது. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, கொழும்பில் வெளிச்சம் போவதும் வருவதுமாக இருந்தது, இருந்தாலும் கப் ஒன்று வெல்லவேண்டும் என்று முதலாளிமாருக்கு ஆசை. முகத்துவாரத்தில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தகப்பனுக்கு ஐந்தாவது பெண்ணாக வளர்ந்த மெற்றில்டாவுக்கும் அந்த ஆசையால் ஒரு மேசையும் மாதச் சம்பளமும் கிடைத்தன.

அவளுடைய சேர்வில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. துள்ளிக் குதித்து அறைகிற சேர்வ் இல்லை. பந்தைச் சற்றே மேலே போட்டு, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி, கையை அப்படியே நிறுத்திவிடுவாள். பந்து சுழலாமல் போகும். வலையைக் கடக்கும்வரை ஒழுங்கான பிள்ளைபோலப் போய், கடந்த பிறகு மனம் மாறி ஒரு பக்கம் சரிந்து விழும். எடுக்க வந்தவள் வெறும் கையோடு நிற்பாள். அந்த நாள் விதிப்படி சேர்வ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி. அதனால் மெற்றில்டா போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றால், எதிர்ப் பக்கத்தில் முகங்கள் கறுக்கும்.

இந்த நல்ல காரியத்தை ஒருமுறை, ரீமைப் பழக்கிய அமரக்கோனே கெடுக்கப் பார்த்தார். பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தவர், முழங்கை எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும் என்று அவளுக்கு விளக்கினார். "அடிக்கும்போது முழங்கையை நினை" என்றார். மெற்றில்டா நினைத்தாள். பந்து வலையில் விழுந்தது. மணிக்கட்டையும் நினைத்தாள். பந்து வலைக்குக் கீழே போனது. மனுஷி நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தால் எப்படி நடப்பாள்? பல கிழமைகள் இந்தக் கூத்து. கடைசியில் அமரக்கோன், "நான் சொன்னதை மறந்துவிடு, தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறப்பது லேசா? முழங்கை முழங்கை என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை விரட்ட அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். எதிர்ப் பக்கத்து நிலத்தில் ஓர் இடத்தைப் பிடிப்பாள். ஒரு கல், ஒரு சப்பாத்துத் தடம், சுண்ணாம்புக் கோடு அழிந்துபோன ஒரு துண்டு, ஏதோ ஒன்று. அதைப் பார்ப்பாள். அந்த இடத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று ஆகும்வரை பார்ப்பாள். பிறகு கை தன் வேலையைத் தானே செய்யும். இதில் ஒரு விசித்திரம், கண் அந்த இடத்தில் பதிந்தவுடன் காதும் அடைத்துப்போகும். ஒருநாள் அவள் அடுத்தடுத்துப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது மழை கொட்டி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். சட்டை முதுகில் ஒட்டியபிறகுதான் மெற்றில்டா, "மழையா?" என்று கேட்டாள். ரீமில் அவளுக்கு நெருக்கமான புளோறன்ஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மெற்றில்டாவின் புருஷன் ஸ்ரனிஸ்லாஸுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து கொழும்புக்கு வந்து, ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்காக இருந்தவன். நல்லவன், அதிகம் பேசாதவன். கொட்டாஞ்சேனையில் மாடி வீடொன்றின் பின்பக்கத்தில் இரண்டு அறை எடுத்து இருந்தார்கள். மனைவி விளையாடுவதை அவன் தடுக்கவில்லை. ஆனால் அவள் சோட்ஸ் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பதைப் பார்க்க அவனுக்குக் கூச்சம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. "வெண்டனீங்களோ?" என்றுகூடக் கேட்கமாட்டான். கேட்டால் அடுத்ததாகக் கூட்டிப்போகச் சொல்வாள் என்ற பயமோ என்னவோ. அவளுக்கு அதில் உள்ளூர மனத்தாங்கல் இருந்தது. சொன்னதில்லை.

அந்த வருடங்களில் கொட்டாஞ்சேனைத் தமிழருக்கு இன்னொரு பாடமும் தெரிந்திருக்கவேண்டும். வீட்டு மனுஷனைப் பொலிஸ் ட்றக்கில் ஏற்றினால் பின்னால் ஓடக்கூடாது. கை காட்டக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால், "யாரது? ஏற்று அவளையும்" என்பார்கள். வெளியில் ஒருவர் நின்றால்தானே அலைந்து திரிந்து உள்ளே இருப்பவரை எடுக்கலாம்? ஆகவே பெற்ற தாயும் தெருவோரத்தில் அந்நியர்போல நிற்பாள். ட்றக் திருப்பத்தில் மறைந்தபிறகு வீட்டுக்குள் போய் அழுவாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் கம்பனிப் போட்டியின் இறுதி ஆட்டம். விடியற் பூசைக்கு மணி அடித்த கையோடு பொலிசார் அவர்கள் இருந்த ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்து, ஆண்களை வெளியே வரச்சொன்னார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அவசர அவசரமாகச் சவரம் செய்தான். தாடி வளர்ந்த முகம் அடையாள அட்டைப் படத்தோடு ஒத்துப்போகாது என்று அவனுக்குப் பயம். கொழும்பில் இருப்பதாகப் பொலிசில் பதிந்த துண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"மத்தியானத்துக்கிடையில விட்டிடுவாங்கள். நீர் மட்ச்சுக்குப் போம்," என்றான்.

"நீங்கள் வந்தாப் பிறகு போறன்," என்றாள் மெற்றில்டா.

மத்தியானத்துக்கிடையில் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள், எதிர்வீட்டுப் பெடியன் வந்தான். ஸ்ரனிஸ்லாஸ் வரவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்த சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று பெடியன் சொன்னான். மெற்றில்டா பொலிஸ் நிலைய வாசலுக்கு ஓடினாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல், வீட்டுக்குப் போகச் சொன்னான். ஒரு மணித்தியாலத்துக்குமேல் வெயிலில் நின்று பார்த்தாள். பிறகு, இறுதி ஆட்டத்துக்குத் தான் வரமுடியாது என்று சொல்வதற்காக மைதானத்துக்குப் போனாள். ரீமின் கப்ரன் அவள்தான். சொல்லாமல் விடுவது முறையல்ல என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

விஷயத்தைக் கேட்ட அமரக்கோன் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்றைக்குப் பிரதம விருந்தினர் யார் தெரியுமா? இந்தப் பகுதிப் பொலிஸ் ஏ.எஸ்.பி. கப்பைக் கப்ரனின் கையில் அவரே கொடுப்பார். அந்த நேரத்தில் சொல்லு. அத்தனை பேருக்கு முன்னால் அவரால் மறுக்க முடியாது."

"நீங்கள் இப்பவே கேக்க ஏலாதா சேர்?"

அமரக்கோன் தரையைப் பார்த்தார். "நான் போய்க் கேட்டால், உனக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்பார்." அவர் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷருக்கும் பெண்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பயமும் இருக்கிறது.

"தோத்தா?"

"தோற்றால் மற்ற ரீம் கப்ரன்தான் அவர் முன்னால் போவாள்."

மெற்றில்டா உடுப்பு மாற்றப் போனாள். புருஷனை உள்ளே வைத்திருக்கும்போது பந்து விளையாடப் போனவள் என்று பிறகு சிலர் நாக்கு வளைத்தார்கள். அவர்களுக்கு இது தெரியாது.

எதிர் ரீம் ஒரு நூல் ஆலை. வாட்டசாட்டமான பிள்ளைகள். முதல் செற்றில் மெற்றில்டா போட்ட பந்தெல்லாம் வலையிலும் வெளியிலும் போனது. பந்தைத் தூக்கினால் ஸ்ரனிஸ்லாஸின் புதிதாகச் சவரம் செய்த முகம் தெரிந்தது. இந்நேரம் என்ன செய்கிறார்களோ, அடித்திருப்பார்களோ, சாப்பிடக் கொடுத்தார்களோ. செற் போய்விட்டது. அமரக்கோன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவனை நினைத்துக்கொண்டு நின்றால் அவனை எடுக்க முடியாது. அவனை எடுக்கவேண்டுமென்றால் அவனை மறக்கவேண்டும்.

கேட்பதற்கே கொடுமையான விஷயம். ஆனால் மெற்றில்டா அதைச் செய்தாள். இரண்டாவது செற்றில் எதிர்ப் பக்கத்து நிலத்தில் ஓர் இடத்தைப் பிடித்தாள், பார்த்தாள், போட்டாள். சனம் கத்தியது மெல்ல மெல்லத் தேய்ந்து, இல்லாமலே போனது. செற் அவர்களுக்கு. மூன்றாவது செற்றில் இழுபறி. பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு என்று நின்றபோது சேர்வ் அவளிடம் வந்தது. ஒன்று போட்டாள், சரிந்து விழுந்தது. பதினான்கு. பதினைந்துக்கு இன்னும் ஒன்று.

இடது மூலையில் பின்கோட்டுச் சுண்ணாம்பு ஒரு சாண் நீளத்துக்கு அழிந்துபோயிருந்தது. அதைப் பிடித்தாள். விசில் ஊதியது அவளுக்குக் கேட்டதா என்பதே சந்தேகம். நடுவரின் கை அசைந்தது மட்டும் தெரிந்தது. பந்தை மேலே போட்டாள், தட்டினாள், கையை நிறுத்தினாள். பந்து போனது, மனம் மாறியது, அழிந்த கோட்டின் விளிம்பில் விழுந்து மண்ணைக் கிளப்பியது. கோட்டு நடுவர் கொடியைக் கீழே காட்டினார். உள்ளே.

அந்தச் சேர்வ் போட்ட நேரத்தில் மைதானத்தில் வேறென்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை என்று மெற்றில்டா சத்தியம் செய்திருப்பாள்.

பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஆனால் வழக்கமான ஆரவாரம் இல்லை. புளோறன்ஸின் முகம் வெளிறியிருந்தது. மெற்றில்டா அதை வெற்றியின் களைப்பு என்று நினைத்தாள். அவளுடைய எண்ணமெல்லாம் மேசையருகில் நின்ற ஏ.எஸ்.பி.யிடம் இருந்தது. கப்பைக் கொடுத்து அவர் கையை நீட்டியதும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"சேர், மகே மஹத்தயா..." என்று தொடங்கினாள். என் வீட்டுக்காரர் என்று அர்த்தம். பெயரையும் விடியற்காலை நடந்ததையும் சிங்களத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஏ.எஸ்.பி. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தயங்கி, "அந்த ஆட்களை ஏற்றிய ட்றக் இப்பத்தானே போனது, சேர். தடுப்பு முகாமுக்கு," என்றான்.

"இங்கே சோதனைச் சாவடித் தடைக் கம்பத்தில் நின்ற ட்றக்கா? ஒருவன் கத்தினானே, அதுவா?" ஏ.எஸ்.பி. மெற்றில்டாவின் பக்கம் திரும்பினார். "அது உன் புருஷனா? உன்னையா கூப்பிட்டான்?"

மெற்றில்டாவுக்கு விளங்கவில்லை. "யார் கூப்பிட்டது, சேர்?"

"மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்ததே, பிள்ளை. நீ சேர்வ் போட நின்றாய். நீ மட்டும்தான் திரும்பவில்லை." அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "அப்போதே வந்து சொல்லியிருந்தால் கம்பத்தில் வைத்தே இறக்கியிருப்பேன். இனி அது என் கையில் இல்லை."

இறக்கியிருப்பாரோ, சும்மா வாய்க்குச் சொன்னாரோ, யாருக்குத் தெரியும்? ட்றக் போனபிறகு சொல்வது சுலபம். ஆனால் அந்த வார்த்தை மெற்றில்டாவின் நெஞ்சில் ஆணிபோல் இறங்கிவிட்டது. அவள் தெருவைப் பார்த்தாள். மைதானத்துக் கம்பி வேலிக்கு அப்பால், சத்தமாகப் பேசினால் கேட்கிற தூரத்தில்தான் அந்தத் தடைக் கம்பம் இருந்தது. ஒரு ஓட்டோ நின்றது. அதைச் சோதித்துக்கொண்டிருந்த ஆமிக்காரன் சிரிப்பதுகூட இப்போது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னெண்டு கூப்பிட்டவர்?" என்று புளோறன்ஸைக் கேட்டாள்.

"உன்ர பேரைத்தான். மெற்றில்டா, மெற்றில்டா எண்டு. ரெண்டு மூண்டு தரம்." புளோறன்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "நீ திரும்பாதது நல்லதாப் போச்சடி. திரும்பியிருந்தா உன்னையும் ஏத்தியிருப்பாங்கள். நானெண்டா ஓடியிருப்பன். உனக்கு எவ்வளவு மனத்தைரியம்!"

மெற்றில்டாவின் கையில் கப் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து கொட்டாஞ்சேனையில் அவள் பெயர் கெட்டிக்காரி. புருஷன் கதறக் கதறத் தலையைத் திருப்பாமல் நின்ற வைராக்கியக்காரி. மற்றப் பெண்களுக்கு அவளைக் காட்டிப் புத்தி சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை. மறுத்து என்ன சொல்வது? கட்டியவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றா? செவிடி அல்ல அவள். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் கேட்கிற காது. அந்தக் காது எப்படி, இந்த உலகத்தில் மற்றெல்லாரும் கேட்ட அந்த ஒரு குரலை விட்டது?

பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னாள். சுவாமியார் கேட்டுவிட்டு, "இது பாவமில்லை, மகள். நீ வேணுமெண்டு செய்யேல்லையே," என்றார்.

"பாவமில்லையெண்டா இது என்ன, சுவாமி?"

பாவமென்றால் ஒரு பரிகாரம் செய்து தீர்த்திருக்கலாம். அந்த வழியும் அடைபட்டது அவளுக்குப் பேரிடியாக இருந்தது.

அதன்பிறகு சேர்வ் போகவில்லை. முழங்கை காரணமில்லை. காது மூட மறுத்தது. பந்தைத் தூக்கினால் தெருவில் போகும் ஒவ்வொரு வாகனமும் அவளுக்குள் போனது. பிரேக் சத்தம் கேட்டால் திரும்பினாள், யாரோ யாரையோ கூப்பிட்டால் திரும்பினாள். பந்து தலைமேல் விழுந்த நாளும் உண்டு. அமரக்கோன் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறொருத்தியைப் போட்டார். வேலையை மட்டும் பறிக்கவில்லை. தன் யோசனையால் வந்த வினை என்று அவர் மனதுக்குள் இருந்திருக்கும்.

முகாமுக்குப் போய்ப் பார்க்க விட்டார்கள். இடையில் கம்பி வலை, பக்கத்தில் காவலாளி, சுற்றிலும் இருபது பேர் கத்துகிற சத்தம். சாப்பாடு சரியோ, வழக்கு எப்போ என்பதற்குமேல் அங்கே ஒன்றும் பேச முடியாது. ஒன்றரை வருடத்துக்குப்பின், ஏன் பிடித்தோம் என்று சொல்லாமல் பிடித்தவர்கள், ஏன் விடுகிறோம் என்று சொல்லாமல் விட்டார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்து குளித்து, மேசையில் இருந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டான். மெலிந்திருந்தான். பேச்சு மட்டும் கூடியிருந்தது.

"உமக்குச் சொல்லவேணுமெண்டு இருந்தனான்," என்றான். "அண்டைக்கு ட்றக்கில வைச்சு நான் கூப்பிட்டது பெரிய பிழை. உம்மைக் கண்டவுடன வாய் தவறிக் கத்திப்போட்டன். ஆர் அவள் எண்டு அடிச்சுக் கேட்டாங்கள். ஆரோ எண்டு நினைச்சுக் கூப்பிட்டன், தெரியாத பிள்ளை எண்டன். நீர் திரும்பாமல் நிண்டதால நம்பினாங்கள். உள்ளுக்க இருக்கேக்க ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைச்சனான். என்ர மனுசி புத்திசாலி, வெளியில தைரியமா நிக்கிறாள் எண்டு. அதிலதான் உயிரோட இருந்தன்."

மெற்றில்டா பரிமாறிய அகப்பையைக் கீழே வைத்தாள். இதையும் விட்டுவிடலாம். ஊர் நம்பியதை அவனும் நம்பிக்கொண்டு போகட்டும். ஆனால் இவன் ஊர் இல்லையே.

"எனக்குக் கேக்கேல்லை," என்றாள்.

"என்ன?"

"நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்லை. நான் புத்தியாவும் நிக்கேல்லை, தைரியமாவும் நிக்கேல்லை. பந்து விழவேண்டிய இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். வெண்டாத்தான் ஏ.எஸ்.பி.யோட கதைக்கலாம், கதைச்சாத்தான் உங்களை எடுக்கலாம் எண்டு நிண்டனான். அப்ப நீங்கள் வேலிக்கு அங்கால நிண்டு கூப்பிட்டிருக்கிறியள். திரும்பியிருந்தா அதிலயே இறக்கியிருப்பாராம். ஏ.எஸ்.பி. சொன்னவர்."

ஸ்ரனிஸ்லாஸின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஒன்றரை வருடம் பிடித்துக்கொண்டிருந்த கொப்பு முறிந்தவன்போல அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தாள்.

"அந்தப் பந்து உள்ளுக்க விழுந்ததோ?" என்று கேட்டான்.

கல்யாணம் கட்டியபிறகு அவன் அவளுடைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. "விழுந்தது," என்றாள்.

"எங்க? காட்டும்."

அவள் மேசை விரிப்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, இதுதான் வலை என்றாள். தான் நின்ற இடத்தைக் காட்டினாள். பிறகு அவனுடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில், இடது மூலையில் விரலை வைத்தாள். "இதில. கோட்டில பட்டு."

அவன் குனிந்து அந்த இடத்தை வெகு நேரம் பார்த்தான்.

"திரும்ப விளையாடப் போம்," என்றான்.

"எனக்கு இப்ப சேர்வ் வராது. சத்தமெல்லாம் கேக்குது."

"போம். நான் வந்து பாக்கிறன்." அவன் கண் நிறைந்திருந்தது. "பயப்பிடாதேயும். நான் கூப்பிடமாட்டன்."